விரையும் ஊர்தியும் பாவித்த கமராவும்

வவுனியா நகரிலிருந்து மேற்கே மன்னாரை நோக்கிச் செல்லும் வீதியில் பூவரசங்குளம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மரத்தின் பெயரும் குளத்தின் பெயரும் இணைந்து ஊருக்குப் பெயராவது வன்னிநாட்டு வழக்கம். அவ்வூரில் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்ட இளைஞன் ஒருவன் இருப்பதாக நேயர்கள் கற்பனை செய்துகொள்க. திருமண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகியவையே அவனுக்கு வருவாய் தருவன. ஆயினும் அவன் உள்ளம் நாடுவது வேறொன்று. புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவிலே சாய்ந்து திரும்பும் மோட்டார் சைக்கிளையும், மேட்டின் உச்சியில் ஒரு கணம் நிலத்தை விட்டெழும் பந்தயக் காரையும் படமாக்குவதே அவன் ஆசை.

வவுனியாவிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் அநுராதபுரம் உள்ளது. அதனை அடுத்த சாலியபுரத்தில், இராணுவத்தின் கஜபா படைப்பிரிவினது களத்திலே சுப்பர்குரொஸ் பந்தயம் நடைபெறுவதுண்டு. நமது இளைஞன் ஒருநாள் அங்குச் சென்றான். காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று அறுநூறு படங்கள் எடுத்தான். இரவு வீடு திரும்பிக் கணினியில் இட்டுப் பார்த்தபோது, பிறருக்குக் காட்டத்தக்கவை பத்துக்கூடத் தேறவில்லை. சிலவற்றில் சைக்கிள் மங்கலாயிருந்தது. சிலவற்றில் அதன் பின்னாலுள்ள வேலி துலக்கமாயிருந்தது. எஞ்சிய பலவற்றில் சைக்கிளே இல்லை. அது கடந்துபோன பின் எழுந்த புழுதி மாத்திரம் இருந்தது.

மறுவாரமே அவன் பாவித்த கமரா ஒன்றுக்கு விலை விசாரித்தான். விலை அவன் சேமிப்பைக் கடந்து நின்றது. அதனைக் கேள்வியுற்ற தாயார், "தம்பி, என்ர காப்பைக் கொண்டுபோய் அடைவு வை, பிறகு மீட்கலாம்" என்றார். பிரச்சினை அவ்விடத்திலே தொடங்குகின்றது. அடைவு வைத்த நகை வீட்டுக்குத் திரும்பி வருவது எத்துணை அரிது என்பதை அறியாத குடும்பம் இந்நாட்டில் இல்லை. தாயின் கைக்காப்பை ஈடாக வைத்து வாங்கும் பொருள் தன் வேலையைச் செய்யுமா என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்ள வேண்டாமா?

புதிய கமராவை விட்டுப் பாவித்த கமராவை அவன் நாடியமைக்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் முந்நூற்றறுபது ரூபா வரை உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி எதனையும் சிற்றூர்த் தொழிலாளி புதிதாக வாங்குதல் அன்றுமுதல் அரிதாயிற்று. அதே காலத்தில், மேலைநாடுகளிலும் கொழும்பிலும் உள்ள படப்பிடிப்பாளர் பலர் உள்ளே ஆடி பொருத்திய பழைய வகைக் கமராவைக் கைவிட்டு, மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற புதுவகைக்கு மாறலாயினர். அவர்கள் விற்றுவிட்ட கருவிகளுள் ஒருகாலத்தில் விளையாட்டுப் படப்பிடிப்புக்கென்றே ஆக்கப்பட்ட உயர்ந்த வகைகளும் உள்ளன. ஆகவே, பாவித்த கமராவை நாடுதல் தவறன்று. எதனை, எதற்காக, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே ஆராயத்தக்கது.

வவுனியா நகரிலே நெடுநாளாகப் படக்கூடம் நடத்திவரும் முதியவர் ஒருவரிடம் அவ்விளைஞன் சென்று யோசனை கேட்கின்றான் எனக் கொள்வோம். "ஐயா, எந்தக் கமரா வாங்கலாம்?" என்பது அவன் கேள்வி. முதியவர் அதற்கு விடை கூறுமுன் வேறொரு கேள்வியைத் தொடுப்பார்: "தம்பி, பிழை கமராவிலயோ, லென்ஸிலயோ, கையிலயோ? முதல்ல அதைச் சொல்லு."

இக்கேள்விக்கு விடை, பழுதான படங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. படம் முழுவதும், ஊர்தியும் பின்னணியும் ஒருசேர, ஒரே திசையில் இழுபட்டு மங்கியிருப்பின் கை அசைந்திருக்கின்றது. அன்றேல் ஷட்டர் திறந்திருந்த நேரம் மிகுதி. இக்குறையை எவ்வளவு விலையுயர்ந்த கமராவும் நீக்காது. ஊர்தி கோடாக இழுபடாமல் மங்கிப் பின்னாலுள்ள வேலி துலக்கமாயிருப்பின், போகஸ் என வழங்கும் குவியம் ஊர்தியைப் பின்தொடரத் தவறிவிட்டது. இது கமராவின் குறையாகவும் இருக்கலாம். மெதுவாக இயங்கும் லென்ஸின் குறையாகவும் இருக்கலாம். ஊர்தி துலக்கமாயிருந்தும் வேண்டிய கணம் அகப்படாமற் போயிருப்பின், கமரா ஒரு செக்கனில் எடுக்கும் படங்களின் தொகை போதவில்லை. அல்லது விரல் பிந்திவிட்டது. அறுநூறு படங்களையும் இம்மூன்று வகையாகப் பிரித்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல்வகை மிகுதியாயின் புதுக் கமரா வாங்குதல் வீண்செலவு. இரண்டாம் மூன்றாம் வகைகள் மிகுதியாயின் மாத்திரமே கமராவை மாற்றுவதிற் பயனுண்டு.

கை செய்யவல்ல காரியத்தைக் கமராவிடம் எதிர்பார்த்தல் முறையன்று என்பதற்கு முன்னோர் அனுபவமே சான்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகளாக மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் அவற்றை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் திறக்கப்படும்வரை சோழவரமே தமிழ்நாட்டுப் பந்தயத்தின் தலைக்களமாக விளங்கியது. இலங்கையிலும் களுத்துறைக்கு அண்மையில் உள்ள கட்டுக்குருந்தை விமானத்தளம் அவ்வாறே பந்தயக் களமாயிற்று. அக்காலத்துப் படப்பிடிப்பாளரிடம் தானே இயங்கும் குவியம் இல்லை. ஒரு பிலிம் சுருளில் 36 படங்களே உண்டு. அவர்கள் செய்தது யாது? ஊர்தி எவ்விடத்தைக் கடக்கும் என முன்னரே கணித்து, அவ்விடத்துத் தரையிலுள்ள ஓர் அடையாளத்தின்மீது குவியத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தனர். ஊர்தி அங்கு வருவதற்கு இமைப்பொழுது முன்னதாக விரலை அழுத்தினர். ஊர்தி செல்லும் திசையில் அதே வேகத்திற் கமராவைத் திருப்பிக்கொண்டே படமெடுக்கும் முறையையும் கையாண்டனர். செக்கனில் 125இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்தாலும், ஊர்தி துலங்கிப் பின்னணி கோடுகளாய் ஓடும். வேகம் கண்ணுக்குப் புலனாகும். இவ்விரு முறைகளையும் பழகுவதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

அவற்றைப் பழகிய பின்னரும் குறை நீங்கவில்லையெனின், அதன்பின்னரே கமராவைப் பற்றிய விசாரணை தொடங்க வேண்டும். லென்ஸைக் கழற்றிய பின் எஞ்சும் பகுதியே கமராவின் உடல் எனப்படுவது. பந்தயப் படத்திற்கு அவ்வுடலிடம் வேண்டப்படுவன மூன்று: குவியம் விடாது பின்தொடர வேண்டும், ஒரு செக்கனிற் பல படங்கள் எடுக்க வேண்டும், எடுத்தவற்றைத் தடையின்றி மெமரி காட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கணக்கொன்றைப் பார்த்தால் இது விளங்கும். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஊர்தி, ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் செல்லும். செக்கனுக்கு நான்கு படம் எடுக்கும் கமராவில், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே ஊர்தி ஏழு மீற்றர் கடந்துவிடும். மேட்டிலிருந்து எழுந்த மோட்டார் சைக்கிளின் உச்ச நிலை அந்த இடைவெளியில் மறைந்துபோதல் இயல்பே. செக்கனுக்குப் பத்துப் படம் எடுக்கும் கமராவிலோ அவ்விடைவெளி மூன்று மீற்றருக்கும் குறைவு. செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மாத்திரம் ஷட்டர் திறந்திருப்பின், அதே ஊர்தி அந்நேரத்துள் மூன்று சென்ரிமீற்றரே நகரும்.

நமது இளைஞனிடம் இருப்பது 2012இல் வெளிவந்த நிக்கோன் டி3200 எனக் கொள்வோம். திருமண வீட்டுக்குப் பலர் பாவித்த எளிய கமரா அது. அதன் படத்தில் 24 மெகாபிக்சல் உண்டு. ஆனால் அது செக்கனுக்கு நான்கு படங்களே எடுக்கும். குவியத்தை அறியும் புள்ளிகள் பதினொன்று. அவற்றுள் நடுவிலுள்ள ஒன்றே நெடுக்குக் கோட்டையும் கிடைக் கோட்டையும் ஒருங்கே உணரும் குறுக்குவகைப் புள்ளி. சைக்கிள் படத்தின் நடுவை விட்டுச் சிறிது விலகினாலும் குவியம் தடுமாறுவதன் காரணம் இதுவே.

அவனிடமுள்ள லென்ஸ் நிக்கோனுக்குரியது ஆகையால், அதே நிறுவனத்தின் பழைய கமராக்களுள் ஒன்றைத் தேர்தல் சிக்கனம். வேறு நிறுவனத்துக்கு மாறின் லென்ஸையும் மாற்ற வேண்டும், விலை இரட்டிக்கும். அவன்முன் உள்ளவை மூன்று.

முதலாவது, 2015இல் வெளிவந்த டி7200. 51 குவியப் புள்ளிகளும் செக்கனுக்கு ஆறு படங்களும் அதற்குண்டு. பதப்படுத்தாத கோப்பாகப் படமெடுத்தால் பதினெட்டு அளவில் அதன் உள்நினைவு நிரம்பிவிடும்; அதாவது மூன்று செக்கனுக்குள் கமரா திணறத் தொடங்கும். ஜேபெக் கோப்பாக எடுப்பின் இத்திணறல் பெரிதும் குறையும். மூன்றனுள் விலை குறைந்தது இதுவே.

இரண்டாவது, 2016இல் வெளிவந்த டி500. விளையாட்டுக்கும் வனவிலங்குக்கும் என்றே ஆக்கப்பட்டது. 153 குவியப் புள்ளிகளுள் 99 குறுக்குவகையின. செக்கனுக்குப் பத்துப் படம். விரைவான மெமரி காட் இட்டால் பதப்படுத்தாத கோப்புகள் இருநூறு வரை இடையறாது எடுக்கும்.

மூன்றாவது, 2012இல் வெளிவந்த டி4. பத்திரிகைப் படப்பிடிப்பாளர் உலகெங்கும் சுமந்து திரிந்த பெரிய கமரா அது. 51 புள்ளிகள், செக்கனுக்குப் பத்துப் படம், இரும்பு போன்ற உறுதி. எடை மின்கலத்தோடு ஒன்றேகால் கிலோவுக்கு மேல்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி500இல் 21 மெகாபிக்சலும், டி4இல் 16 மெகாபிக்சலுமே உள்ளன. இளைஞனிடம் ஏற்கனவே உள்ள எளிய கமரா இவ்விரண்டையும் விஞ்சுகின்றது! மெகாபிக்சலின் தொகையைக் கொண்டு கமராவை மதிப்பிடுதல், மாட்டின் கொம்பை அளந்து உழவுக்கு வாங்குதல் போன்றது. பத்திரிகைப் பக்கத்துக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் பதினாறே மிகுதி. மங்கலான படத்தை இருபத்துநான்கு மெகாபிக்சலில் வைத்திருப்பதனால் ஆவது யாது?

கெனன் லென்ஸ் வைத்திருப்போருக்கும் இத்தகைய தெரிவு உண்டு. 2014இல் வெளிவந்த 7டி மார்க் 2 என்பது 65 புள்ளிகளும் குறுக்குவகையாய் அமைந்தது. அதுவும் செக்கனுக்குப் பத்துப் படம் எடுப்பது. இக்கமராக்கள் எவையும் இன்று புதிதாய் உற்பத்தி செய்யப்படுவதில்லை. எனவே, பழுது நேர்ந்தால் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை வாங்குமுன் திருத்துநரிடம் விசாரித்துக்கொள்ளல் நன்று.

டி4க்கும் டி500க்கும் இடையே தெரிவு செய்வதற்கு எடையையும் விலையையும் விட முக்கியமான காரணம் ஒன்றுண்டு, அது தொலைவு. டி4இன் ஒளியுணர் தகடு பழைய பிலிம் சட்டத்தளவு பெரியது. டி500இன் தகடு அதனிற் சிறியது. ஆகவே, அதே முந்நூறு மில்லிமீற்றர் லென்ஸைப் பொருத்தினும், டி500இல் அது 450 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் குறுகிய பார்வையைத் தரும். தொலைவிலுள்ள சைக்கிள் சட்டத்தை நிறைக்கும். விலைமிக்க நீண்ட லென்ஸ் வாங்க இயலாதவனுக்கு இது பெரிய உதவி.

அவ்வுதவி பணத்தோடு முடிவதன்று. உயிரைக் காப்பதும் ஆகலாம். 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், தியத்தலாவையில் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் நடைபெற்ற பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் பந்தயத்தில், கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் நின்ற பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு சிறுமியும், பந்தயப் பணியாளர் சிலரும் இருந்தனர். காயமுற்றோர் பலர். சிறு லென்ஸோடு தடத்தின் ஓரத்தில் நெருங்கி நின்றால்தான் படம் கிடைக்கும் என்னும் நிலைமை படப்பிடிப்பாளனுக்கு வரலாகாது. கமராவின் சிறு சாளரத்தினூடாக ஒற்றைக் கண்ணால் உலகைப் பார்த்துக்கொண்டிருப்பவன், தன்னை நோக்கி வரும் ஊர்தியின் தொலைவைச் சரியாக அறியமாட்டான். வளைவின் வெளிப்புறத்தே நிற்றல் தகாது. வேகம் மிஞ்சிய ஊர்தி அத்திசையிலேயே வழுவும். வேலிக்கும் மண்ணணைக்கும் பின்னால் நின்றுகொண்டே சட்டத்தை நிறைக்கவல்ல கருவியைத் தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை. தொலைவில் நிற்கத் துணைசெய்யும் கமராவே அவனுக்கு நல்ல கமரா.

அப்படியாயின், புதுவகையான ஆடியற்ற கமராக்களுள் பாவித்த ஒன்றை வாங்கலாகாதா என்று சிலர் வினவுவர். வாங்கலாம், ஆனால் ஒன்றை அறிந்து வாங்க வேண்டும். பிரெஞ்சு நாட்டில் ழாக் ஆன்றி லார்த்தீக் என்னும் இளைஞர், பெரும் பந்தயம் ஒன்றில் விரைந்து சென்ற காரைப் படமெடுத்தார். அப்படம் 1912ஆம் ஆண்டினது என நெடுங்காலம் குறிக்கப்பட்டது. பின்னர் ஆய்வாளர் 1913 எனத் திருத்தினர். அதிலே காரின் சக்கரம் முட்டைவடிவாகி முன்னோக்கிச் சாய்ந்துள்ளது. பின்னால் நிற்கும் மக்களோ எதிர்ப்புறம் சாய்ந்துள்ளனர். அவர் கமராவின் ஷட்டர், குறுகிய பிளவாகப் படத்தட்டின் குறுக்கே மெதுவாக நகர்ந்தது. படத்தின் ஒரு விளிம்பு பதிவான நேரம் வேறு. மறு விளிம்பு பதிவான நேரம் வேறு. அதற்கிடையே கார் நகர்ந்துவிட்டது. காரோடு திருப்பப்பட்ட கமராவும் நகர்ந்துவிட்டது. பழுதெனத் தோன்றிய அப்படம் 1963இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் வைக்கப்பட்ட பின் உலகப் புகழ் பெற்றது.

நூறாண்டு கழிந்து அதே சாய்வு மீண்டும் வந்துள்ளது. ஒலியின்றி மின்னணுமுறையில் இயங்கும் ஷட்டர், ஒளியுணர் தகட்டை வரிவரியாகப் படிக்கின்றது. விலை குறைந்த ஆடியற்ற கமராக்களில் இப்படிப்பு மெதுவாக நிகழ்வதால், ஓடும் சக்கரம் சாய்ந்து பதியும். 2017இல் வந்த சொனி ஏ9 போன்று, விரைந்து படிக்கும் தகடு கொண்ட கமராக்களில் இக்குறை மிகக் குறைவு. ஆனால் அவற்றின் விலை உயர்வு. ஆகவே, மலிவான ஆடியற்ற கமராவை வாங்குவோர் பந்தயக் களத்தில் பொறிமுறை ஷட்டரையே பாவித்தல் வேண்டும். அம்முறையில் அது செக்கனுக்கு எத்தனை படம் எடுக்கும் என்பதையே கேட்டறிதல் வேண்டும். விளம்பரத்திற் காணும் பெரிய எண் பெரும்பாலும் மின்னணு ஷட்டருக்குரியது.

இனி, பாவித்த கமராவைச் சோதிக்கும் முறை யாது?

விற்பவர் முதலிற் கூறுவது ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்னும் எண். டி500இன் ஷட்டர் இரண்டு இலட்சம் முறையும், டி4இனது நான்கு இலட்சம் முறையும் இயங்குமாறு சோதிக்கப்பட்டவை. நிக்கோன் கமரா எடுக்கும் படக்கோப்பினுள்ளேயே இவ்வெண் பதிவாகியிருக்கும், வாய்ச்சொல்லை நம்பவேண்டியதில்லை. கெனனிற் பெரும்பாலானவற்றைக் கணினியோடு இணைத்தே அறிய இயலும். ஆனால் எண்ணைக் கண்டு அஞ்சுதலும் தவறு. 140,000 முறை இயங்கிய டி500 ஒன்றுக்குக் குறிக்கப்பட்ட அளவில் இன்னும் 60,000 எஞ்சியுள்ளது. ஆண்டிற்கு எட்டுப் பந்தய நாள், நாளொன்றுக்கு 1,500 படம் என்று கொண்டால், ஆண்டிற்கு 12,000. ஐந்தாண்டுக்கு அது போதும். அவ்வெல்லையைக் கடந்த பின்னும் இயங்குவன பல. முன்னரே நின்றுபோவனவும் உண்டு. எண் ஓர் அறிகுறி, உறுதிமொழியன்று. எண் மிகுந்த கமரா விலையிற் குறைந்திருப்பது, அறிந்து வாங்குவோனுக்கு ஆதாயமே.

எண்ணை விட முக்கியமானது, கமரா எங்கே இருந்தது என்பது. மழையில் நனைந்து உலர்ந்ததாயின், அடிப்புறத் திருகாணிகளிலும் மின்கல அறையின் உலோகத் தகடுகளிலும் துருவோ பச்சை நிறமோ காணப்படும். அத்தகையதை எவ்விலைக்கும் வாங்கலாகாது. காட்டைச் செருகும் பிளவினுள் விளக்கு வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். பழைய வகைக் காட்டுக்குரிய நுண்ணிய ஊசிகளுள் ஒன்று வளைந்திருப்பினும் தொல்லையே. அடிப்புறத்திலுள்ள தொடரெண்ணும் படக்கோப்பினுட் பதிந்துள்ள தொடரெண்ணும் ஒன்றாதல் வேண்டும். பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குக. களவுபோன பொருளை அறியாது வாங்கியவனும் அலைய நேரும்.

பின்னர்த் தன் லென்ஸையும் தன் மெமரி காட்டையும் இட்டுச் சோதிக்க வேண்டும். லென்ஸின் மூடியைக் கழற்றாது ஒரு படம் எடுத்தால், இருளில் ஒளிரும் பழுதான புள்ளிகள் தெரியும். லென்ஸின் துவாரத்தை மிகச் சுருக்கி வெளிறிய வானத்தை ஒரு படம் எடுத்தால், ஒளியுணர் தகட்டில் ஒட்டிய தூசி கரும்பொட்டாய்த் தெரியும். தூசியைத் துடைத்தகற்றலாம்; கீறலை அகற்ற இயலாது. ஷட்டரின் மிகுந்த வேகத்தில் அதே வானத்தை எடுத்துப் பார்க்கும்போது, படத்தின் ஒருபுறம் இருண்டிருப்பின் ஷட்டர் தளர்ந்துள்ளது. லென்ஸும் பாவித்ததாயின், கைவிளக்கை அதனூடே செலுத்திப் பார்த்தல் வேண்டும். மாரிக்காலத்து ஈரத்தில் உள்ளே படர்ந்த பூஞ்சணம் சிலந்திவலை போலத் தோன்றும்.

இறுதிச் சோதனை வீதியோரத்தில். வீதியை விட்டு நன்கு விலகி நின்று, எதிரே வரும் பேருந்தின்மீது குவியத்தை வைத்து, அது தன்னைக் கடக்கும்வரை இடையறாது படமெடுக்க வேண்டும். முப்பது படங்களுள் இலக்கத் தகட்டின் எண் எத்தனையில் துலக்கமாய் வாசிக்கத்தக்கதாய் உள்ளது? இருபத்தைந்திலாயின் நன்று. பத்திலாயின் ஏதோ குறையுள்ளது. இச்சோதனைக்கு இசையாத விற்பனையாளரிடம் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

மெமரி காட்டின் விலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். டி500 பாவிக்கும் எக்ஸ்கியூடி என்னும் காட் எளிதிற் கிடைப்பதன்று. கிடைப்பினும் விலை அதிகம். பின்னர் வெளிவந்த மென்பொருள் மாற்றத்தால் சிஎப்எக்ஸ்பிரஸ் காட்டையும் அது ஏற்கும். சாதாரண எஸ்டி காட்டுக்கும் அதில் இடமுண்டு. நல்ல விரைவுடைய எஸ்டி காட் ஒன்றே தொடக்கத்திற்குப் போதுமானது. மற்றொரு நயமும் உண்டு. டி3200 போன்ற எளிய கமராக்களின் உடலில் குவியத்தை இயக்கும் மோட்டார் இல்லை. டி500, டி7200 ஆகியவற்றில் அது உண்டு. ஆகவே, பலரால் ஒதுக்கப்பட்ட பழைய நிக்கோன் லென்ஸ்கள் பலவும் இவற்றில் தாமே குவியும். அவை மலிந்த விலைக்கு அகப்படும்.

இத்தனையையும் ஆராய்ந்த பின், அவ்விளைஞன் செய்யத்தக்கது யாது? காப்பை அடைவு வைத்து இன்றே வாங்குதலா? அன்று. பந்தயம் ஆண்டிற் சில நாள். அடைவுக்கு வட்டியோ நாள்தோறும் வளரும். பந்தயப் படம் அவனுக்கு இன்னும் வருவாய் தரத் தொடங்கவில்லை. வருவாய் தரும் திருமண வீட்டுக்கு டி3200 இன்றும் போதும். ஆகவே, அடுத்த திருமணக் காலத்து வருவாயிற் சேமித்து, ஷட்டர் எண் சிறிது மிகுந்தாலும் உடலுறுதி கெடாத டி500 ஒன்றைத் தேடுதல் தக்கது. சேமிப்பு அதற்கும் எட்டாதாயின் டி7200 போதும்; செக்கனுக்கு நான்கிலிருந்து ஆறாவதும், பதினொரு புள்ளி ஐம்பத்தொன்றாவதும் சிறிய முன்னேற்றமல்ல. பழைய கமராவை விற்றுவிடாமற் சிறு லென்ஸோடு உடன் வைத்திருப்பின், புழுதி பறக்கும் களத்தில் லென்ஸைக் கழற்றி மாற்ற வேண்டிய தேவையும் இராது. பலருடைய கமராவினுள் தூசி புகுவது அவ்வாறு மாற்றும் வேளையிலேயே.

சேமிக்கும் அம்மாதங்கள் வீண்போக வேண்டியதில்லை. வன்னியிலே பந்தயத்துக்குப் பஞ்சம் உண்டா? மாட்டுவண்டிச் சவாரி நடைபெறும் திடலுக்கு அவன் பழைய கமராவோடு செல்லட்டும். காளைகள் மோட்டார் சைக்கிளின் வேகத்தில் ஓடா. ஆயினும் புழுதி அதே புழுதி. வெயில் அதே வெயில். ஒரு கணத்தில் நிகழ்ந்து மறைவதும் அதுவே. நாலு காலும் நிலம்படாத நிலையில் காளையைப் பிடித்தற்கு இடத்தை முன்கூட்டிக் குறித்துக் காத்திருக்க வேண்டும். வண்டியோடு ஒத்துக் கமராவைத் திருப்பவும் பழக வேண்டும். திடலின் எல்லைக்கயிற்றுக்குப் பின்னால் நிற்கவும் அங்கேயே பழகலாம். நூறு படத்தில் இருபது தேறும் நாள் வரும்போது, எஞ்சிய எண்பதில் எது தன் பிழை, எது கமராவின் பிழை என்பதை அவனே கூறவல்லவனாவான்.

அந்நாளில் அவன் மீண்டும் அம்முதியவரிடம் சென்று, "ஐயா, கை இப்ப சரி, போகஸ்தான் பிந்துது" என்று கூறுவானாயின், முதியவரே அவனோடு கிளம்பிச் சென்று, விற்பவர் முன்னிலையில் கமராவை வாங்கிப் பார்த்து, மின்கல அறையைத் திறந்து, துரு உண்டா எனத் தேடுவார். தாயாரின் காப்பு அவர் கையிலேயே இருக்கும்.